ஷ்ப்ரோட்டின் நிறம்

ஒரே ஈற்றில் ஆறு குட்டிகள்.
ஐந்து, டாபர்மேன் என்றால் எப்படி இருக்குமோ அப்படி:
கருப்பு, புருவத்தில் துரு.
ஆறாவதைத் தனிக் கூடையில் வைத்திருந்தார் விற்பவர்,
மேலே ஒரு துண்டு போட்டு,
நகைக்கடைக்காரர் கடைசியாகத் திறக்கும் பெட்டி மாதிரி.

போக்னா துண்டை விலக்கினாள்.
அதற்குப் பிறகு விலை பேசவில்லை.

க்டினியா கப்பல்தளத்தில் அவளுக்குப் பெயிண்ட் கலக்கும் வேலை.
சாம்பலில் மட்டும் பதினேழு எண்கள் தெரியும்:
மழைக்கு முந்தியது, மழைக்குப் பிந்தியது,
கடற்படை கேட்பது,
துருவை மறைக்க நொடித்துப்போன முதலாளி கேட்பது.
இந்தக் குட்டி அந்தப் பதினேழில் இல்லை.
நீலம், என்றார் விற்பவர்.
நீலமும் இல்லை.
மயிலைக்கும் புகைக்கும் நடுவே எங்கோ,
நனைந்த நிலக்கரி உலரத் தொடங்கும்
அந்த ஐந்து நிமிடம்.

நான் துணைக்குப் போனவன்.
அதே மாடிப்படி, எதிர்க் கதவு.
வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டு
கருப்பில் ஒன்றைப் பாதி விலைக்கும் குறைவாக வாங்கிவந்தேன்.

ஷ்ப்ரோட் என்று பெயர் வைத்தாள்,
இங்கே டப்பாவில் விற்கும் சின்னக் கடல்மீன்.
அதன் முதுகைப் பார், என்றாள்.
என்னுடையதன் பெயரை யாரும் கேட்கவில்லை.

கடற்கரைச் சாலையில்
தள்ளுவண்டித் தாய்மார்கள், மாலுமிகள், ஒருமுறை ஒரு பாதிரியார்
குனிந்து ஷ்ப்ரோட்டைத் தடவி
உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார்கள்,
ஒட்டியிருக்குமோ என்று.
நானும் பார்த்திருக்கிறேன்,
யாரும் இல்லாதபோது.

மூன்றாவது குளிர்காலம்
விலாவில் காசளவு தெரிந்தது தோல்.
பிறகு தண்டுவடத்தோடு ஒரு கோடு.
பிப்ரவரிக்குள் சோபாவில், தொப்பியில், பீட்ரூட் சூப்பில்
அந்த நிறம்.

மருத்துவர் ஹலிட்ஸ்கா ஒரு மயிரை
நுண்ணோக்கியில் வைத்து எங்களைக் கூப்பிட்டார்.
ஓர் இழை. உள்ளே கட்டிகட்டியாய்க் கருமை,
கிளறாமல் விட்ட பெயிண்ட் போல.
இந்தக் கட்டிகளால்தான் நமக்கு நீலமாகத் தெரிகிறது, என்றார்.
இந்தக் கட்டிகள் இருக்கும் இடத்தில்தான் உடைகிறது.
மருந்து?
எண்ணெய் தடவுங்கள். ரொம்ப வெயிலில் விடாதீர்கள்.
க்டினியாவில்.
பிப்ரவரியில்.

நானாயிருந்தால் ஒழுங்காகக் கிளறியிருப்பேன்,
என்றாள் போக்னா படியிறங்கும்போது.
அவ்வளவுதான் சொன்னாள்.

இப்போது சாலையில் ஒரு கேள்விதான்: சொறியா?
கேட்டுவிட்டுக் குழந்தையை இழுத்துக்கொள்கிறார்கள்.
பாதிரியார் மட்டும் நின்றார்.
பழைய நாய் எங்கே, என்று கேட்டார்.

என் கருப்பன், வென்கியெல் என்று பெயர்,
படியில் அண்ணனைச் சந்தித்தால்
வாலடியில் மூக்கை வைத்து வழக்கம்போல் முகர்கிறான்.
எதுவும் மாறிவிட்டதாக
அவனுக்குத் தகவல் இல்லை.

மே மாதம் நார்வேக்குப் போகும் ஒரு படகுக்கப்பலுக்கு
ஒன்பதாம் எண் கேட்டிருந்தார்கள்.
அவள் ஒரு கரண்டி கூடுதலாக எதையோ சேர்த்தாள்.
எதை என்று கேட்டேன், சொல்லவில்லை.
மேலாளர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.
அது கிளம்பிய அன்று நான் வேலியோரம் நின்றேன்.
வந்திருந்ததா அந்த நிறம்?
இல்லை.
மேகம் ஒன்று குறுக்கே போனபோது, ஒரு நொடி,
கிட்டத்தட்ட.

ஷ்ப்ரோட்டுக்கு இப்போது மஞ்சள் ஸ்வெட்டர்.
இடக்காதின் விளிம்பில் மட்டும் ஒரு விரல் அகலம்
இன்னும் மிச்சம் இருக்கிறது.
அதை யாரையும் தொட விடமாட்டாள்.
என்னை விடுவாள்,
ஞாயிற்றுக்கிழமைகளில்,
கை கழுவிக்கொண்டு வந்தால்.